கானாடுகாத்தானிலிருந்து இரவு விமானம்: இரண்டு வயதுப் பிள்ளையோடு அந்தப் பகலை எப்படிக் கழிப்பது?

யாழினி அம்மா

வணக்கம். தை மாதக் கடைசியில் என் கணவரின் சித்தப்பாவுக்குக் கானாடுகாத்தானில் அறுபதாம் கல்யாணம். சிங்கப்பூரிலிருந்து நான், கணவர், மாமியார், மகள் நால்வரும் வருகிறோம். மகளுக்கு இரண்டு வயது மூன்று மாதம். விசேஷம் முடிந்த மறுநாள் இரவு 11.40க்குத் திருச்சியில் விமானம் ஏற வேண்டும்.

பங்காளிகள் எல்லோரும் அன்று காலையிலேயே சென்னைக்கும் கோவைக்கும் கிளம்பிவிடுகிறார்கள். 9 மணிக்கு வீட்டைப் பூட்டிச் சாவியைக் கொடுத்துவிட வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். அதன்பிறகு இரவு வரை நாங்கள் எங்கே போவது?

என் கணவர் ஒரு திட்டம் வைத்திருக்கிறார்: காலையில் பிள்ளையார்பட்டி, குன்றக்குடி, பிறகு ஆத்தங்குடி, திருமயம் கோட்டை, புதுக்கோட்டை அருங்காட்சியகம், மாலையில் திருச்சி மலைக்கோட்டை, அங்கிருந்து நேராக விமான நிலையம். கார் பேசியாகிவிட்டது. பிள்ளையார்பட்டியில் மாமியாருக்கு ஒரு வேண்டுதலும் பாக்கி இருக்கிறது. எனக்கோ நினைத்தாலே கலக்கமாக இருக்கிறது. மகள் மதியம் தூங்காவிட்டால் மாலையில் ஒருவராலும் அவளைச் சமாளிக்க முடியாது. அந்தப் பக்கம் பிள்ளைகளோடு பழகியவர்கள் வழி சொல்லுங்கள்.

மானகிரிக்காரன்

உங்கள் கணவரின் பட்டியலில் மலைக்கோட்டையை முதலில் அடித்துவிடுங்கள். திருச்சி விமான நிலையம் புதுக்கோட்டை சாலையிலேயே இருக்கிறது. கானாடுகாத்தானிலிருந்து திருமயம், புதுக்கோட்டை, கீரனூர், மாத்தூர் என்று வந்தால் நகரத்துக்குள் நுழையாமலே விமான நிலையத்தை அடைந்துவிடலாம். மலைக்கோட்டைக்கென்று சத்திரம் பேருந்து நிலையம் பக்கம் போனால் மாலை நெரிசலில் மாட்டிக்கொள்வீர்கள். மேலே ஏற நானூறுக்கு மேற்பட்ட படிகள். உங்கள் மாமியாராலும் ஏற முடியாது, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உங்களாலும் ஏற முடியாது.

பிள்ளையார்பட்டியும் குன்றக்குடியும் உங்களுக்கு எதிர்த் திசை. வேண்டுதலை விசேஷத்துக்கு முந்தின நாளே முடித்துவிடுங்கள். மதியம் 1 மணி வாக்கில் நடை சாத்தினால் 4 மணிக்குத்தான் திறப்பார்கள். அந்த இடைவெளியில் சிக்கினால் அன்றைய பகல் அங்கேயே போய்விடும்.

புதுகை வாசி

அருங்காட்சியகத்தை மட்டும் தள்ளிவிடாதீர்கள். திருக்கோகர்ணத்தில் இருக்கிறது, 1910இல் மன்னராட்சிக் காலத்தில் தொடங்கியது. பதப்படுத்தி வைத்த விலங்குகளையும் பறவைகளையும் என் பேரன் ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்ப்பான். வெள்ளிக்கிழமை விடுமுறை, நாளைப் பார்த்துக்கொள்ளுங்கள். சித்தன்னவாசல் பக்கம் மட்டும் இந்த வயதில் வேண்டாம். சமணர் படுக்கைகள் உள்ள ஏழடிப்பட்டம் குகைக்குப் போகும் பாறைப் படிகளில் பெரியவர்களே கம்பியைப் பிடித்துக்கொண்டு நடக்கிறோம்.

கீரனூர்த் தந்தை

எனக்கு வேறு கருத்து. இடம் எதுவானாலும் சரி, மதியத் தூக்கத்தை அன்று ஒரு நாள் தவிர்த்துவிடுங்கள். நன்றாக ஓடி ஆடவிடுங்கள். இரவு விமானத்தில் உட்கார்ந்ததும் தூங்கிவிடும். பகலில் இரண்டு மணி நேரம் தூங்கிய பிள்ளை நள்ளிரவில் விமானத்துக்குள் இருக்கை இருக்கையாக ஏறி இறங்கும். பக்கத்தில் இருப்பவர்கள் முகத்தைப் பார்க்க முடியாது.

ஆத்தங்குடி மருமகள்

சகோதரர் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. தூக்கம் கெட்ட பிள்ளை களைத்துப்போய்ச் சாயும் என்பது நம் எதிர்பார்ப்பு. அது நடப்பது மாலை ஆறு மணிக்கு, கார் இருக்கையில், அரை மணி நேரத்துக்கு. பிறகு விமான நிலைய வாசலில் எழுப்பிப் பைகளைத் தள்ளிக்கொண்டு வரிசையில் நிற்கும்போது எழும் அழுகையை ஒருவராலும் நிறுத்த முடியாது.

குழந்தைகள் வார்டு செவிலியர்

மருத்துவமனையில் குழந்தைகள் பிரிவில் வேலை செய்கிறேன். ஒன்று முதல் இரண்டு வயது வரையிலான பிள்ளைகளுக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து ஒரு நாளைக்கு 11 முதல் 14 மணி நேரத் தூக்கம் தேவை என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. மூன்றாவது பிறந்தநாள் வரை இந்தக் கணக்குதான். பயண நாளில் இரவுத் தூக்கம் எப்படியும் குறையும். பகல் தூக்கத்தையும் பறித்தால் பிள்ளைக்கு மிஞ்சுவது எதுவும் இல்லை. அளவுக்கு மீறிக் களைத்த பிள்ளை எளிதில் தூங்குவதில்லை. உடம்பு முறுக்கிக்கொண்டு அழும்.

இன்னொன்று. இப்படிப்பட்ட கேள்வி எங்கே எழுந்தாலும் யாராவது ஒருவர் "சளி மருந்து கொஞ்சம் கொடுங்கள், தூங்கிவிடும்" என்பார். அதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன், கொடுக்காதீர்கள். தூக்கம் வரவழைக்கும் ஒவ்வாமை மருந்துகள் சில பிள்ளைகளை நேர்மாறாகத் துள்ளச் செய்யும். சிலருக்கு மூச்சைப் பாதிக்கும். குளோர்பெனிரமின், ஃபினைலெஃப்ரின் இரண்டும் கலந்த சளி மருந்தை நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று மருந்துப் புட்டியிலேயே அச்சிட வேண்டும் என 2023 டிசம்பரில் இந்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை உத்தரவிட்டிருக்கிறது. முப்பதாயிரம் அடி உயரத்தில் பிள்ளைக்கு ஏதாவது ஆனால் யாரைக் கூப்பிடுவீர்கள்?

பள்ளத்தூர் ஆச்சி

யாழினி அம்மா, நல்லா இரு ஆத்தா. எல்லோரும் எங்கே போவது என்றே பேசுகிறார்கள். நான் கேட்கிறேன், ஏன் போக வேண்டும்?

ஒரு தெருவிலிருந்து அடுத்த தெரு வரை நீளும் வீட்டில் இருக்கிறாய். முகப்பு, முற்றமும் தாழ்வாரமுமான வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி, பின்வாசல் என்று பிள்ளை ஓட எத்தனை இடம்! சிங்கப்பூரில் அடுக்குமாடியில் வளர்கிற பிள்ளைக்கு இப்படி ஒரு தரை என்றைக்குக் கிடைக்கும்? அதை விட்டுவிட்டுக் காரில் கட்டிப்போட்டுக் கோட்டை கோட்டையாகக் காட்டப் போகிறீர்களா? இரண்டு வயதுப் பிள்ளைக்குக் கோட்டையும் ஒன்றுதான், கொல்லைப்புறத்துக் கோழியும் ஒன்றுதான். கோழியாவது ஓடும்.

சாவி விஷயத்தைப் பேசித் தீர்த்துக்கொள்ளலாம். எங்கள் வீட்டில் நாங்கள் செய்வதைச் சொல்கிறேன். பங்காளிகள் தங்கள் தங்கள் அறைகளைப் பூட்டிக்கொள்ளட்டும். மேல் வீட்டையும் இரண்டாம் கட்டையும் பூட்டிவிடலாம். முகப்பையும் வளவையும் ஒரு குளியலறையையும் மட்டும் மாலை வரை விடச் சொல்லுங்கள். வீட்டைப் பார்த்துக்கொள்கிறவர் மாலையில் வந்து விளக்கேற்றிப் பூட்டிக்கொண்டு போவார். அவருக்கு அன்றைக்குக் கூடுதலாக ஏதாவது கொடுத்துவிடுங்கள். உன் மாமியாரை விட்டு மூத்த பங்காளியிடம் கேட்கச் சொல். நீ கேட்பதைவிட அவர் கேட்பது எடுபடும். பிள்ளைக்காக என்று சொன்னால் எந்த ஐயாவும் மறுக்க மாட்டார்.

யாழினி அம்மா

ஆச்சி, இப்படி ஒரு வழி இருப்பது எங்கள் யாருக்கும் தோன்றவே இல்லை. மாமியாரிடம் சொல்லிவிட்டேன். இன்றைக்கே பேசுகிறேன் என்றார்.

ஆனால் காலை 9 முதல் மாலை வரை வீட்டிலேயே இருந்தால் அவளுக்குச் சலித்துவிடாதா? அவளுடைய விளையாட்டுப் பொருள்களையெல்லாம் முன்பே பெட்டியில் போட்டுக் கட்டிவிடுவோம்.

பள்ளத்தூர் ஆச்சி

விளையாட்டுச் சாமான் எதற்கு? விசேஷம் முடிந்த வீடு அது. வாசல் தோரணமும் மாலைகளும் மறுநாள் காலையில்தான் அவிழ்ப்பார்கள். அந்தச் செவ்வந்திப் பூவையெல்லாம் ஒரு கொட்டானில் போட்டுக் கொடு. உதிர்ப்பாள், அள்ளுவாள், கொட்டுவாள், மறுபடியும் அள்ளுவாள். அவள் அதில் இருக்கும்போது நீங்கள் பெட்டியைக் கட்டிவிடலாம்.

கொட்டான் நம் ஊர் ஓலைக் கொட்டானாகவே இருக்கட்டும், பிளாஸ்டிக் வேண்டாம். ஒரு சிறிய கொட்டானைப் பெரியதற்குள் வைப்பதும் எடுப்பதுமாகவே என் பேத்தி ஒரு காலைப் பொழுதைப் போக்குவாள். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழஞ்சாமான் கடைகள் வரிசையாக இருக்கின்றன. அங்கே மரச் சொப்பு கிடைத்தால் முன்னதாகவே வாங்கி மறைத்து வை. புதிதாகச் செய்ததாக இருந்தால் சாயம் போகிறதா என்று ஈரத்துணியால் துடைத்துப் பார். பழையதில் பெயிண்ட் பூசியிருந்தால் பிள்ளை கையில் கொடுக்காதே, வாயில் வைக்கும்.

தூண் இருக்கிறதே, அதைச் சொல்ல மறந்துவிடப் போகிறேன். வளவைச் சுற்றி வரிசையாகத் தூண்கள். ஒரு தூணுக்குப் பின்னால் உன் மாமியார் நிற்கட்டும், அடுத்ததற்குப் பின்னால் உன் வீட்டுக்காரர் நிற்கட்டும். "அப்பத்தா எங்கே?" என்று கேட்டுவிட்டால் போதும். உங்களுக்குக் கால் வலித்தாலும் அவளுக்கு அலுக்காது.

பிறகு முற்றத்து வெயில். காலையில் ஒரு பக்கத் தாழ்வாரத்தில் இருக்கும், உச்சியில் நடுவில் இறங்கும், பிற்பகலில் எதிர்ப்பக்கம் போகும். தையில் அந்த வெயில் உடம்புக்கு இதமாக இருக்கும். தன் நிழலை மிதிக்க முயல்கிற பிள்ளையைப் பார்த்திருக்கிறாயா ஆத்தா? அதற்கு ஈடான காட்சி எந்த ஊரிலும் இல்லை.

சாப்பாட்டுக்கு இடியாப்பமும் தேங்காய்ப்பாலும் வைத்துக்கொள். வெள்ளைப் பணியாரம் சூடாகக் கொடுக்கலாம், மிளகாய்த் துவையல் இல்லாமல். கும்மாயம் கிளறச் சொல்லி இரண்டு கரண்டி எடுத்து வை. உளுந்தும் கருப்பட்டியும் நெய்யும் சேர்ந்தது, வயிறு நிறையும், மெல்ல வேண்டிய வேலையும் இல்லை. சமையல்காரர்கள் விசேஷத்துக்கு மறுநாள் காலை வரை இருப்பார்கள். மதியத்துக்கும் சேர்த்து ஒரு பருப்புச் சோறு எடுத்து வைக்கச் சொன்னால் அன்று வெளியில் சாப்பாடு தேட வேண்டாம்.

குழந்தைகள் வார்டு செவிலியர்

ஆச்சி சொன்னதற்கு மேல் ஒன்றும் இல்லை. பாதுகாப்புக்காகச் சிலவற்றைச் சேர்க்கிறேன்.

இத்தகைய வீடுகளில் பின்கட்டில் கிணறு இருக்கும். மூடியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மூடியிருந்தாலும் பின்வாசல் கதவைத் தாழிட்டு வையுங்கள். மாடிப்படிகள் செங்குத்தானவை, அந்தக் கதவையும் சாத்திவிடுங்கள். முற்றத்து விளிம்பில் ஒரு படி தாழ்ந்திருக்கும். ஓடுகிற பிள்ளை அதை எதிர்பார்க்காது; முதலில் கையைப் பிடித்து இரண்டு மூன்று முறை ஏற்றி இறக்கிப் பழக்குங்கள். தண்ணீர் விளையாட்டுக்கு அண்டா வேண்டவே வேண்டாம். சில அங்குலத் தண்ணீரிலேயே சிறு பிள்ளைகள் மூழ்கிப்போவது உண்டு, அதுவும் சத்தமே இல்லாமல். அகலமான தாம்பாளத்தில் கொஞ்சம் ஊற்றி, ஒரு செம்பும் கொடுத்து, பெரியவர் ஒருவர் பக்கத்திலேயே உட்கார வேண்டும்.

பலகாரத்தில் முறுக்கு, சீப்புச் சீடை, முந்திரி, வேர்க்கடலை இந்த வயதுக்கு வேண்டாம். உறவினர்கள் ஆசையாகக் கையில் திணிப்பார்கள். மூச்சுக்குழலில் போய் அடைத்துக்கொள்கிற பண்டங்கள் இவை. ஓடும்போது எதையும் தின்னக் கொடுக்காதீர்கள்.

கைப்பேசியைக் கையோடு மறைத்துவிட வேண்டும் என்று சொல்ல மாட்டேன். இரண்டு வயதுப் பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை கூடாது, குறைவாக இருந்தால் இன்னும் நல்லது என்பதே நான் முன்பு சொன்ன வழிகாட்டுதல். அந்த ஒரு மணி நேரத்தைப் பகலில் செலவழித்துவிடாமல் விமானத்துக்காக வைத்துக்கொள்ளுங்கள்.

ஆத்தங்குடி மருமகள்

காலையில் ஒரு முறை மட்டும் வெளியே அழைத்துப் போக வேண்டும் என்றால் எங்கள் ஊருக்கு வாருங்கள், பக்கம்தான். தரைக்கல் வார்க்கும் பட்டறைகளில் பார்க்க அனுமதிப்பார்கள். கண்ணாடியின் மேல் இரும்பு அச்சை வைத்து, சிவப்பு, மஞ்சள், பச்சை என்று கரைத்து வைத்த வண்ணச் சிமென்டைக் கரண்டியால் ஊற்றுவார்கள். அச்சைத் தூக்கினால் பூ நிற்கும். அதன்மேல் உலர்ந்த சிமென்டும் மணலும் தூவி, பின்னால் கலவை பூசித் தண்ணீரில் ஊறப் போடுவார்கள். வண்ணம் ஊற்றுகிற நேரம் எந்தப் பிள்ளையும் வாய் பிளந்து பார்க்கும்.

இடுப்பில் வைத்துக்கொண்டே காட்டுங்கள், இறக்கிவிடாதீர்கள். ஈரச் சிமென்ட் பிள்ளைகளின் தோலைப் புண்ணாக்கும். சுற்றிலும் கண்ணாடித் தகடுகள் சாத்தியிருக்கும். கால் மணி நேரம் போதும். பிறகு பெரிய வீடு என்று சொல்லும் பழைய செட்டிநாட்டு மாளிகைக்குக் கட்டணம் கட்டி உள்ளே போகலாம். ஆனால் வளவு உள்ள வீட்டிலேயே நீங்கள் தங்கியிருக்கும்போது அது மாமியாருக்கும் கணவருக்கும்தான், மகளுக்கு அல்ல. 11 மணிக்குள் வீட்டுக்குத் திரும்பிவிடுங்கள்.

கீரனூர்த் தந்தை

தூக்கத்தைத் தவிர்க்க வேண்டாம் என்பதை ஏற்கிறேன், செவிலியர் விளக்கிய பிறகு அதற்கு மறுப்பில்லை. ஆனால் என் கேள்வி அப்படியே நிற்கிறது. மதியம் 1 முதல் 3 வரை தூங்கினால் இரவு 9க்குக் கண் சொருகும். 9 மணிக்கு நீங்கள் விமான நிலைய வரிசையில் நிற்பீர்கள். அதற்கு என்ன வழி? தூக்கத்தைத் தள்ளி வைத்து 2.30க்குப் படுக்க வைத்தால் இரவு 11 வரை தாங்கும் அல்லவா?

நள்ளிரவுப் பயணி

ஒரு விஷயத்தை எல்லோரும் விட்டுவிட்டீர்கள். பிள்ளை வருவது சிங்கப்பூரிலிருந்து. அங்கே நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. அவள் வழக்கமாக இரவு எட்டரைக்குத் தூங்குகிறவளானால், அவள் உடம்புக்கு அது நம் ஊரின் மாலை 6 மணி. நம் 11.40 அவளுக்குப் பின்னிரவு 2.10. நீங்கள் எத்தனை நாள் தங்குகிறீர்கள் என்பதைப் பொறுத்தது இது. ஒரு வாரத்துக்கு மேல் என்றால் நம் நேரத்துக்கு மாறியிருப்பாள். மூன்று நான்கு நாள் என்றால் பாதி வழியில் இருப்பாள். அவளை 11 வரை விழித்திருக்க வைக்கும் எண்ணத்தையே விட்டுவிடுங்கள். வழக்கமான நேரத்தில் தூங்கட்டும், அந்த நேரத்தில் கார் ஓடிக்கொண்டிருக்கட்டும்.

யாழினி அம்மா

நான்கு நாள்தான் தங்குகிறோம். நீங்கள் சொல்வது மிகச் சரி. போன தடவை ஊருக்கு வந்தபோதும் மாலை ஏழு மணிக்கே கண்ணைக் கசக்குவாள், விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து பேச ஆரம்பிப்பாள். அதை இந்தப் பயணத்தோடு சேர்த்து நான் யோசிக்கவில்லை.

அப்படியானால் மதியத் தூக்கம் 11.30க்கே வந்துவிடுமே? ஆத்தங்குடிக்குப் போவதென்றால் எட்டு மணிக்கே கிளம்ப வேண்டும்.

நள்ளிரவுப் பயணி

ஆமாம். மதியச் சாப்பாட்டை 11க்கு முடித்து 11.45க்குப் படுக்க வையுங்கள். இரண்டு மணிக்குள் எழுப்பிவிடுங்கள். பிறகு மாலை வரை விளையாட்டு. 5.30க்கு வெந்நீரில் குளிப்பாட்டி, இரவு உடையை மாட்டி, இடியாப்பமோ பால்சோறோ ஊட்டி, 6.30க்குக் காரில் ஏறுங்கள். திருமயம் வருவதற்குள் தூங்கிவிடுவாள். விமான நிலையத்தில் உடம்போடு கட்டிக்கொள்ளும் துணிப்பை இருந்தால் அப்படியே மார்போடு சேர்த்துக் கட்டிக்கொள்ளலாம், கைகள் இரண்டும் கடவுச்சீட்டுக்கும் பெட்டிக்கும் மிச்சம். தள்ளுவண்டியைப் பாதுகாப்புச் சோதனையில் மடித்துக் கருவிக்குள் அனுப்பச் சொல்வார்கள், தூங்கும் பிள்ளையை வெளியே எடுத்தே ஆக வேண்டும். குடியேற்ற மேசையில் முகத்தைக் காட்டச் சொல்லலாம். போர்வையை விலக்கிக் காட்டினால் போதும், எழுப்ப வேண்டியதில்லை.

2024 ஜூனிலிருந்து திருச்சியில் புதிய முனையம் இயங்குகிறது. பழையதைப் பார்த்தவர்களுக்கு நம்ப முடியாது, அவ்வளவு விசாலம். முகப்பும் உட்புறமும் கோபுர வண்ணங்களோடு இருக்கின்றன. ஒருவேளை முழித்துக்கொண்டாலும் நடமாட இடமும் பார்க்கச் சுவர்ச் சித்திரங்களும் உண்டு.

ரயில் பிரியன் காரைக்குடி

ரயிலைப் பற்றி யாரும் பேசவில்லையே! காரைக்குடியிலிருந்து திருச்சிக்கு ரயிலில் போனால் கோட்டையூர், செட்டிநாடு, திருமயம், நமணசமுத்திரம், புதுக்கோட்டை, கீரனூர் என்று வழியெல்லாம் வயலும் கண்மாயும். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு டிக்கெட்டே வேண்டாம். இரண்டு வயதுப் பிள்ளைக்கு ஜன்னலோர ரயில் பயணத்தைவிட வேறென்ன வேண்டும்? திருச்சி சந்திப்பிலிருந்து விமான நிலையம் ஏறக்குறைய ஐந்து கிலோமீட்டர்தான். சாமான்களைக் காரில் அனுப்பிவிட்டு அம்மாவும் பிள்ளையும் ரயிலில் வரலாம்.

திருமயம் ஓட்டுநர்

தம்பி, ரயில் ஆசை நல்ல ஆசைதான். ஆனால் கானாடுகாத்தானிலிருந்து காரைக்குடி பின்னால் போய் ஏற வேண்டும், திருச்சியில் நடைமேடை மாற வேண்டும், மறுபடியும் வண்டி பிடிக்க வேண்டும். வயதான அம்மா கூட இருக்கிறார். வேறொரு நாள் காரைக்குடியிலிருந்து புதுக்கோட்டை வரை ஏறிக் காட்டட்டும். பயண நாளில் வேண்டாம்.

இந்தச் சாலையில் வண்டி ஓட்டுகிறவன் நான். கானாடுகாத்தானிலிருந்து விமான நிலையத்துக்கு ஒன்றரை மணி நேரம் தாராளம். 6.30க்குக் கிளம்பினால் எட்டுக்கும் எட்டரைக்கும் இடையில் போய்விடலாம். மூன்று மணி நேரத்துக்கு முன்புதான் பெரும்பாலும் பெட்டி வாங்கும் கவுண்டரைத் திறப்பார்கள், அதற்கு இது பொருத்தமாக இருக்கும்.

திருமயம் கோட்டைச் சுவரில் கோட்டை பைரவர் சந்நிதி சாலையைப் பார்த்தபடி இருக்கிறது. எங்களில் பலர் அங்கே நிறுத்திக் கும்பிடாமல் போக மாட்டோம். உங்கள் டிரைவரும் நிறுத்துவார். கதவை மெதுவாகச் சாத்தச் சொல்லி முன்பே பேசி வையுங்கள். மாமியார் இறங்கிக் கும்பிட்டு வரட்டும், நீங்கள் பிள்ளையோடு உள்ளேயே இருங்கள். ஓரமாக வண்டிகள் வந்து வந்து போகும் இடம். கோட்டைக்குள் போவது இந்தப் பயணத்தில் வேண்டாம். 1687இல் சேதுபதி மன்னர் கட்டிய கோட்டை, பார்க்க வேண்டியதுதான். ஆனால் மேலே பீரங்கி இருக்கும் இடம் வரை வெறும் பாறை, நிழல் கிடையாது, விளிம்பில் பிள்ளையைப் பிடித்துக்கொண்டே நிற்க வேண்டும்.

புதுக்கோட்டையில் ஒரு முறை நிறுத்தி, பெரியவர்கள் சாப்பிட்டுக் கழிப்பறை வேலையையும் முடித்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒருவர் மாற்றி ஒருவர் வண்டியில் இருங்கள். தூங்குகிற பிள்ளையைத் தனியாக வண்டிக்குள் விட்டுவிட்டுப் போகக் கூடாது, டிரைவர் இருந்தாலும் கூடாது. பிள்ளை பின் இருக்கையில்தான் இருக்க வேண்டும். முன்னால் மடியில் வைத்துக்கொள்ளும் பழக்கத்தை நான் என் வண்டியில் அனுமதிப்பதில்லை. குழந்தை இருக்கை உங்களிடம் இருந்தால் கொண்டு வாருங்கள், இங்கே வாடகை வண்டிகளில் இருக்காது.

யாழினி அம்மா

மூத்த பங்காளி ஒப்புக்கொண்டார்! மாமியார் பேசிய மறுநிமிடமே, "பேத்தி விளையாடட்டும், முழு வீட்டையும் வைத்துக்கொள்ளுங்கள், பூட்டுகிறவரை இருட்டிய பிறகு வரச் சொல்கிறேன்" என்றாராம். ஆச்சி, உங்களுக்கு நன்றி சொல்ல வார்த்தை இல்லை. பிள்ளையார்பட்டியை வந்து இறங்கும் நாளிலேயே முடிக்கிறோம்.

பிற்பகல் 2 முதல் 5.30 வரைதான் கொஞ்சம் நீளம். அருங்காட்சியகத்துக்குப் போய்வரலாமா என்று கணவர் கேட்கிறார்.

புதுகை வாசி

போய்வருவதற்கே ஒன்றரை மணி நேரம் வரும். நானே சொன்னதுதான், இருந்தாலும் இந்தத் திட்டத்தில் அதற்கு இடமில்லை. அடுத்த முறை புதுக்கோட்டையில் ஒரு நாள் தங்குங்கள்.

பள்ளத்தூர் ஆச்சி

மாலையில் தெருவில் இறங்கு ஆத்தா. கானாடுகாத்தான் தெருக்கள் நேராக, அகலமாக இருக்கும். வண்டிப் போக்குவரத்து குறைவு. அரண்மனை வாசல் வரை நடத்திக் கூட்டிக்கொண்டு போ. உள்ளே போக வேண்டாம், வெளியிலிருந்து அந்த நீள முகப்பைப் பார்த்தால் போதும். வழியில் யார் வீட்டுத் திண்ணையிலாவது ஒருவர் இருந்தால் கூப்பிட்டுப் பேசுவார்கள். நெசவுத் தறி ஓடுகிற வீடு இருந்தால் வாசலில் நின்று கேள். கண்டாங்கிச் சேலை நெய்கிற தறியின் ஓசைக்கு எந்தப் பிள்ளையும் நின்றுவிடும்.

பிறகு ஊருணிக் கரை. படியில் இறங்கவிடாதே, மேல் கரையில் உட்கார்ந்து பொரியை வீசச் சொல். தையில் தண்ணீர் இருக்கும், மீன் வரும். ஐந்து மணிக்குக் கொசு வரத் தொடங்கும், அதற்குள் வீட்டுக்கு வந்துவிடு. முழுக்கைச் சட்டையாக மாட்டு.

குழந்தைகள் வார்டு செவிலியர்

கடைசியாக விமானத்தைப் பற்றி. ஏறும்போதைவிட இறங்கும்போதுதான் காது அடைப்பு அதிகம். வெளியழுத்தம் கூடிக்கொண்டே வரும்போது நடுக்காதுக்குள் காற்று எளிதில் போகாது. விழுங்கினால் நடுக்காதையும் தொண்டையையும் இணைக்கும் குழாய் திறக்கும். இறங்கத் தொடங்குகிறோம் என்று அறிவித்ததும் பிள்ளையை மெதுவாக எழுப்பிப் பாலோ தண்ணீரோ உறிஞ்சக் கொடுங்கள். தூங்குகிற பிள்ளை குறைவாகத்தான் விழுங்கும். பயணத்தின்போது கடும் சளியோ காதுவலியோ இருந்தால் முன்பே மருத்துவரிடம் காட்டுங்கள். திரவத்துக்கான 100 மில்லி கட்டுப்பாடு பிள்ளையின் பாலுக்கும் உணவுக்கும் கிடையாது, பயணத்துக்குத் தேவையான அளவு கொண்டு போகலாம். சோதனையில் தனியாக எடுத்துக் காட்டுங்கள். விமானத்துக்குள் குளிரும், காலுறை, ஒரு போர்வை, மாற்று உடை ஒன்று கைப்பையிலேயே இருக்கட்டும்.

தேவகோட்டைப் பேத்தி

இந்த இழையைப் படித்துக்கொண்டே வருகிறேன். எங்களுக்கும் இதே நிலைமை, ஆனால் மே மாதம், மதுரையிலிருந்து இரவு விமானம். எங்கள் வீட்டில் பூட்டுச் சிக்கல் இல்லை. பையனுக்கு ஒன்றே முக்கால் வயது. வழியில் எங்காவது நிறுத்தலாமா?

மானகிரிக்காரன்

சிவகங்கை, திருப்புவனம் வழியாகப் போனால் கீழடி அருங்காட்சியகம் வரும். 2023 மார்ச்சில் திறந்தது. நம் செட்டிநாட்டு வீட்டுப் பாணியில் தூணும் தாழ்வாரமுமாகக் கட்டியிருக்கிறார்கள், பையன் நடக்க இடம் உண்டு. மாலையில் மூடும் நேரத்தைக் கணக்கிட்டுப் போங்கள். வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் பற்றி யாராவது சொன்னால், அது கார்த்திகை முதல் மாசி வரை பார்க்க வேண்டிய இடம். மே மாதத்தில் கண்மாய் வறண்டு கிடக்கும்.

பள்ளத்தூர் ஆச்சி

மே மாத வெயிலில் நாலரை மணிக்கு முன்னால் பிள்ளையை வெளியே எடுக்காதே ஆத்தா. வளவுத் தரையைக் காலையில் ஒரு தடவை, மதியம் ஒரு தடவை ஈரத்துணியால் துடைத்துவிடு. பாய் போடாமல் அதிலேயே உருளட்டும். நீர்மோரில் உப்பைக் குறைத்துக் கொடு, நுங்கு கிடைத்தால் தோலைச் சுத்தமாக எடுத்து மசித்துக் கொடு. உங்கள் வீட்டுக் கிணற்றுக்கு மூடி இருக்கிறதா? அதை முதலில் பார்த்துவிட்டு எனக்கு எழுது.

தேவகோட்டைப் பேத்தி

கம்பி வலைதான் இருக்கிறது ஆச்சி, ஒரு ஓரம் துருப்பிடித்திருக்கிறது. கொத்தனாரை வரச் சொல்லியிருக்கிறேன்.